பாலியஸ்டரை இழுத்தால் படிகம் மாறுமா? ஜாடியின் வாய் வெளுத்ததும் பவுச் முறுக்கிக்கொள்வதும்

கோத்தகிரி_தூள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் சின்ன அளவில் தேயிலைத் தூள் வாங்கி, கலந்து, பாக்கெட் போட்டு விற்கிறோம். கால் கிலோ வரை பவுச், அதற்கு மேல் வாய் அகன்ற தெளிவான பிளாஸ்டிக் ஜாடி. ஜாடியின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கிறது, அதாவது பெட் (PET) என்னும் பாலியஸ்டர். பவுச்சின் வெளி அடுக்கு 12 மைக்ரான் பாலியஸ்டர், உள் அடுக்கு பாலித்தீன். சப்ளையரைக் கேட்டால் ஜாடியும் பவுச்சின் வெளி அடுக்கும் ஒரே சரக்குதான், இரண்டுமே பெட்தான் என்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேக்கிங் அறையில் இடம் போதாமல் கொஞ்சம் காலி ஜாடிகளைப் பக்கத்து ஃபேக்டரியில், ட்ரையருக்குப் போகிற சூட்டுக் காற்றுக் குழாய்க்கு மேலே இருக்கும் பரணில் அடுக்கிவைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் எல்லாம் போச்சு. ஆனால் போன விதம்தான் எனக்குப் புரியவில்லை. ஜாடியின் உடம்பு சுருங்கி நெளிந்துவிட்டது, ஆனால் தெளிவு அப்படியே இருக்கிறது, கண்ணாடி மாதிரி. வாய்ப்பக்கம் மரை இருக்கும் இடமும் அடியில் நடுப்பொட்டும் வடிவம் பெரிதாக மாறவே இல்லை, ஆனால் பால் போல வெளுத்துவிட்டது. வெளுத்த இடத்தைத் தட்டினால் சில்லுச் சில்லாக உடைகிறது. ஒரே ஜாடி, ஒரே பிளாஸ்டிக், பட்ட சூடும் ஒன்றுதான். எப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது?

அதே நேரத்தில் பவுச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சீலிங் ஜா (பவுச்சை அழுத்தி ஒட்டும் சூடான தாடை) 150 டிகிரிக்கு மேல் ஓடுகிறது, வெளி அடுக்கு சுருங்குவதும் இல்லை வெளுப்பதும் இல்லை.

இன்னொரு தொல்லை, இதுவும் சேர்ந்ததா என்று தெரியாது. சில ரோல்களில் மட்டும் பவுச் சீல் ஆனதும் ஒரு மூலை மேலேயும் எதிர் மூலை கீழேயுமாகக் குறுக்கே முறுக்கிக்கொள்கிறது. டேபிளில் தட்டையாகப் படுக்காது, பெட்டியில் அடுக்கவும் முடியாது. மெஷின்காரர் மெஷினில் குறை இல்லை என்கிறார், அதே மெஷினில் அடுத்த ரோல் ஒழுங்காக ஓடுவதால் நானும் அதை நம்புகிறேன்.

தெரிந்த ஒருவர், “இதெல்லாம் இழுவை விஷயம், பாலியஸ்டரை இழுத்தால் உள்ளே படிக அமைப்பே மாறிவிடும்” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது உண்மையா? இழுத்தால் ஒரு பொருளின் படிகம் எப்படி மாறும்? கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நான் பத்தாம் வகுப்பு வேதியியலை மறக்காதவன்தான்.

—

ஊட்டி_பாலிமர் எழுதியது:

அருமையான கேள்வி சார். உங்கள் ஜாடி செய்தது ஒரு சோதனைச்சாலைப் பரிசோதனையேதான், நான் மாணவர்களுக்குக் காட்ட நினைத்தால்கூட இவ்வளவு சுத்தமாக வராது. வெளுத்த வாயையும் சுருங்கிய உடம்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் மூலக்கூறு. டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் மாறி மாறி இணைந்த நீளமான சங்கிலிதான் பெட். டெரிப்தாலிக் பகுதியில் ஒரு பென்சீன் வளையம் இருக்கிறது, அது தட்டையானது, விறைப்பானது, வளையாது. கிளைக்கால் பகுதியில் இரண்டு கார்பன், அந்த இடத்தில்தான் சங்கிலி திரும்ப முடியும். அது நேராக நீண்டு நிற்கலாம், அதற்கு ட்ரான்ஸ் நிலை என்று பெயர். மடங்கி நிற்கலாம், அது காஷ் நிலை. படிகத்துக்குள் போக வேண்டுமென்றால் சங்கிலி ட்ரான்ஸ் நிலையில் நீண்டாக வேண்டும், மடங்கிய துண்டுக்கு அங்கே இடமே கிடையாது.

உருக்கிய பெட்டில் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி, பெரும்பாலும் மடங்கிய நிலையிலேயே கிடக்கும். அதைச் சட்டென்று குளிரவைத்தால் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்துவிடும். பாலித்தீனை இப்படிப் பிடிக்க முடியாது, எவ்வளவு வேகமாகக் குளிரவைத்தாலும் அது படிகமாகிவிடும். பெட் நிதானமாகப் படிகமாகும் பொருள், அந்த நிதானத்தால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. உறைந்த இந்தப் படிகமற்ற பெட் தெளிவாக இருக்கும், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.335 கிராம். 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் ரப்பர் மாதிரி இளகும். 120, 130 டிகிரிக்குப் போனால் சங்கிலிகளுக்கு அசைய வலு வந்து தாமாகவே படிகமாக ஆரம்பிக்கும். உருகுவது என்னவோ 255 டிகிரி வாக்கில்தான்.

உங்கள் ஜாடியின் வாயும் அடிப்பொட்டும் இந்த ரகம். ஜாடி செய்யும்போது முதலில் தடித்த சின்னக் குழல் ஒன்றை அச்சில் வார்ப்பார்கள், பிறகு அதைச் சூடாக்கி நீட்டிக் காற்றடித்து ஊதுவார்கள். ஊதும்போது உடம்பு இரண்டு திசையிலும் நன்றாக இழுபடும். மரை உள்ள வாய் அச்சின் பிடியில் இருப்பதால் இழுபடாது, அடியின் மையமும் அதிகம் இழுபடாது. அந்த இரண்டு இடத்திலும் படிகமற்ற பெட் அப்படியே இருக்கிறது. பரணில் 120 டிகிரிக்கு மேல் சூடு பட்டதும் அங்கங்கே ஒரு புள்ளியில் படிகம் தொடங்கி எல்லாப் பக்கமும் கிளைவிட்டு உருண்டையாக வளர்ந்திருக்கிறது. அந்த உருண்டைகள் ஒளியின் அலைநீளத்துக்கு ஒப்பான அளவுக்கோ அதற்கு மேலோ வளர்ந்துவிடும், அதனால் ஒளி சிதறிப் பால்வெள்ளையாகத் தெரிகிறது. உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே பிடிப்பு குறைவு, தட்டினால் சில்லாகிறது.

இனி இழுப்பது. 80 முதல் 100 டிகிரிக்குள், இளகிய நிலையில், வேகமாக இழுத்தால் சங்கிலிகள் இழுக்கும் பக்கம் நீள்கின்றன. மடங்கிய காஷ் துண்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து ட்ரான்ஸ் ஆகின்றன. அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் இதை நேரடியாகவே பார்க்கலாம், அலைஎண் 1340 என்ற இடத்தில் உள்ள ட்ரான்ஸ் பட்டை வளரும், 1370-ல் உள்ள காஷ் பட்டை தேயும். நிமிர்ந்த சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் வளையத்தோடு வளையம் பொருந்திப் படிகம் பிறந்துவிடுகிறது. வெறுமனே சூட்டில் வைத்திருந்தால் இந்த வெப்பநிலையில் படிகமாக நெடுநேரம் பிடிக்கும், இழுத்தால் ஒரு நொடிக்குள் நடக்கிறது. பிறக்கும் படிகங்கள் சில நானோமீட்டர் அளவுதான், ஒளி அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் தெளிவு போகாது.

உங்கள் நண்பர் சொன்ன ஒரு வரியில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு. படிக அமைப்பே மாறிவிடும் என்பதைத் திருத்திச் சொல்ல வேண்டும். வெளுத்த வாயிலிருந்தும் தெளிந்த உடம்பிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி எக்ஸ்ரே விளிம்புவிளைவு எடுத்தால் இரண்டிலும் அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டம், ஒன்றேதான். டாபெனி, பன், பிரவுன் மூவரும் 1954-ல் அதைக் கணித்தார்கள்: முச்சரிவு வகைக் கூடு, பக்கங்கள் 4.56, 5.94, 10.75 ஆங்ஸ்ட்ராம், ஒரு கூட்டுக்குள் சங்கிலியின் ஒரே ஒரு அலகு. இழுத்தாலும் சுட்டாலும் இந்தக் கூடு இதுதான். மாறுவது மற்றதெல்லாம்: படிகம் எவ்வளவு, என்ன அளவு, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, படிகத்துக்கும் படிகத்துக்கும் இடையில் படிகமாகாமல் கிடக்கும் சங்கிலிகள் எவ்வளவு விறைப்பாக இருக்கின்றன. உடம்பு சுருங்கியது ஏன் என்றால் இந்தக் கடைசி விஷயத்தால்தான். இடையில் நீட்டி உறையவைக்கப்பட்ட சங்கிலிகள் சூடு பட்டதும் பழைய மடங்கிய நிலைக்கே திரும்பப் பார்க்கின்றன, சின்னச் சின்னப் படிகங்கள் முடிச்சு மாதிரி இருந்து முழுதாகத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. ஊட்டி சாக்லேட், வர்க்கி எல்லாம் வரும் தெளிவான டப்பாவில் அடியில் 1 போட்டது ஒன்றைத் தேடி எடுங்கள், எல்லா டப்பாவும் பெட் அல்ல, அதனால் எண்ணைப் பார்த்து எடுப்பது முக்கியம். மூடியின் தட்டையான இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். இங்கே ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கோத்தகிரியில் ஓரிரு டிகிரி கூட. பருப்பு வேகத்தான் இது போதாது, பெட்டை இழுக்க இதைவிடப் பொருத்தமான சூடு கிடையாது: இளகும், ஆனால் அந்தச் சூட்டில் சில நிமிடத்தில் வெளுக்காது. இரண்டு இடுக்கியால் பிடித்துக் கொதிநீருக்குள் சடாரென்று இழுங்கள். முதலில் சுலபமாக வரும், மூன்று நான்கு மடங்கு நீண்டதும் திடீரென்று விறைத்து இனி வரமாட்டேன் என்று நிற்கும். அந்த விறைப்புதான் படிகம் பிறந்ததற்கு அடையாளம். இப்போது அதை மறுபடி கொதிநீரில் தளர்வாகப் போடுங்கள், கொஞ்சம்தான் சுருங்கும். இன்னொரு பட்டையை ஒன்றரை மடங்கு மட்டும் இழுத்து, பிடியை விடாமல் ஆறவைத்து, பிறகு மறுபடி போடுங்கள், கிட்டத்தட்ட முழுதாகவே பழைய நீளத்துக்கு ஓடிவரும். கைக்குக் கவனம், ஆவி சுடும்.

—

கோத்தகிரி_தூள் எழுதியது:

மேடம், மிக்க நன்றி. பட்டைச் சோதனையைச் செய்தேன், விறைப்பு வரும் அந்த நொடி கையிலேயே தெரிகிறது, என் மகள் விடாமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறாள். ஆனால் இதன்படி பார்த்தால் இழுத்த பிலிம் சூட்டில் கொஞ்சமாவது சுருங்கத்தான் வேண்டும். பவுச்சின் வெளி அடுக்கு ஜாவுக்கு அடியில் ஏன் சுருங்குவதில்லை? அப்புறம் அந்த முறுக்கல்?

—

ஸ்டென்டர்காரர் எழுதியது:

மேடம் சொன்னதற்கு மேல் வேதியியல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சமவெளியில் ஒரு பாலியஸ்டர் பிலிம் ஆலையில் இழுவை லைனில் வேலை பார்த்தவன் நான், இப்போது குன்னூரில் இருக்கிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் அந்த லைனில்தான் இருக்கிறது தம்பி, அதனால் லைனை முதலிலிருந்து சொல்கிறேன்.

மூலப்பொருளான பெட் சில்லுகளை நன்றாக உலர்த்தி, ஈரம் இருந்தால் சங்கிலி அறுந்துவிடும் என்பதால் இதில் சமரசமே கிடையாது, 280 டிகிரி வாக்கில் உருக்கி, அகலமான டை (மெல்லிய பிளவுள்ள வாய்) வழியாகக் குளிர்ந்த உருளை மேல் திரைபோல விடுவோம். அந்த உருளையில் ஒட்டி உறைவதுதான் மேடம் சொன்ன படிகமற்ற தாள். உங்களுக்கு வேண்டியது 12 மைக்ரான் என்றால் இங்கே தாள் 140, 150 மைக்ரான் இருக்கும், ஏனென்றால் நீளத்தில் சுமார் மூன்றரை, அகலத்தில் சுமார் மூன்றரை என்று இழுத்து மெல்லியதாக்கப் போகிறோம்.

முதல் இழுவை நீளவாக்கில். சூடான உருளைகளுக்கு அடுத்து வேகமாகச் சுற்றும் உருளைகள், வேக வித்தியாசத்தில் பிலிம் நீளும். இந்த இடத்தில் நிறுத்தி ஒரு துண்டை எடுத்தால் நீளவாக்கில் நார்போலக் கிழியும், குறுக்கே கிழிக்கவே முடியாது. சட்டைத் துணிக்குப் போகும் பாலியஸ்டர் நூல் இந்த ஒரே திசை இழுவையோடு நின்றுவிடுவது, வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-ல் இங்கிலாந்தில் இந்தப் பாலிமரைக் கண்டுபிடித்தபோது அவர்கள் நோக்கமும் நூல்தான். பிலிமுக்கு அது போதாது, எந்தத் திசையில் பிடித்தாலும் வலு வேண்டும்.

அதனால் இரண்டாவது இழுவை, அகலவாக்கில். இதற்குத்தான் ஸ்டென்டர், ஒரு நீண்ட அடுப்பு. இரண்டு ஓரத்தையும் கிளிப்புகள் வரிசையாகக் கவ்விப் பிடித்து, தண்டவாளம் விரிய விரியப் பிலிமை அகலமாக்கும். முதல் இழுவையில் பிறந்த படிகங்கள் நீளவாக்கில் நிற்கின்றன அல்லவா, இரண்டாவது இழுவையில் அவற்றில் ஒரு பகுதி கலைந்து திரும்பும், புதிதாகவும் பிறக்கும். கடைசியில் சங்கிலிகள் பிலிமின் தளத்துக்குள்ளேயே இரண்டு திசையிலும் கிடக்கும், பென்சீன் வளையங்கள் வெற்றிலைக் கட்டு மாதிரி பிலிமின் பரப்புக்கு இணையாகப் படுத்துவிடும். ஒளிவிலகல் எண்ணை அளந்தாலே இது தெரியும்: இழுக்காத தாளில் எந்தப் பக்கம் பார்த்தாலும் 1.575, இழுத்த பிலிமில் தளத்துக்குள் 1.65 வாக்கில், தடிமன் திசையில் மட்டும் 1.50 வாக்கில். இவ்வளவு வித்தியாசம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அகலத்தில் இழுத்து முடித்ததும் கிளிப்பை விடமாட்டோம். பிடித்தபடியே ஸ்டென்டரின் அடுத்த அறைகளில் 200 முதல் 230 டிகிரி வரை சூடாக்குவோம், ஹீட் செட்டிங் என்பது அதுதான். அந்தச் சூட்டில் சின்னப் படிகங்கள் வளர்ந்து ஒழுங்காகும், இடையில் விறைத்துக் கிடந்த சங்கிலிகள் தளரும், அகலத்தைக் கொஞ்சம் உள்வாங்கவிட்டு மிச்ச விறைப்பையும் எடுத்துவிடுவோம். சுருங்க வேண்டியதெல்லாம் கிளிப்பின் பிடியில் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அடர்த்தி 1.395 வாக்கில் வரும். முழுப் படிகம் என்றால் 1.455, படிகமே இல்லை என்றால் 1.335, கணக்குப் போட்டுப் பாருங்கள், சரிபாதி படிகம். இப்படி வந்த பிலிமை 150 டிகிரியில் அரை மணி வைத்தாலும் ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு மேல் சுருங்காது, உங்கள் ஜா ஒரு நொடிகூட அதைத் தொடுவதில்லை. உங்கள் ஜாடிக்கு இந்த ஹீட் செட்டிங் கிடையாது. சூடாக நிரப்பும் பாட்டில்களுக்கு மட்டும்தான் அச்சையே சூடாக்கி அதைச் செய்வார்கள், தேயிலைத் தூள் ஜாடிக்கு யாரும் அந்தச் செலவு செய்யமாட்டார்கள்.

இரண்டாவது, முறுக்கல். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் லேமினேஷன் போடுகிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. ஸ்டென்டரில் ஓரங்களைக் கிளிப் பிடித்திருக்கிறது, நடுவை யாரும் பிடிக்கவில்லை. இழுவையாலும் சுருக்கவிசையாலும் நடுப்பகுதி ஓரத்தைவிடப் பின்தங்கும். பிலிம் உள்ளே போகும்போது குறுக்கே நேர்கோடு ஒன்று போட்டால் வெளியே வரும்போது அது வில்லாக வளைந்திருக்கும். அதை போயிங் (bowing, வில்வளைவு) என்போம். அந்த வில்லின் நடுவில் பார்த்தால் படிகங்களின் முக்கிய திசை பிலிமுக்கு நேராகவே இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகச் சாய்ந்துவிடும். பல மீட்டர் அகலமுள்ள தாய் ரோலை வெட்டித்தான் உங்கள் ரோல் வருகிறது. நடுவிலிருந்து வெட்டியது வந்தால் பவுச் தட்டையாகப் படுக்கும். ஓரத்துத் துண்டு வந்தால் சூடு படும்போது சுருங்கும் கொஞ்சநஞ்சமும் குறுக்கு மூலைவாக்கில் சுருங்கும், பவுச் முறுக்கிக்கொள்ளும். மெஷினில் எந்த அட்ஜஸ்ட்மென்ட் செய்தாலும் போகாது.

கண்டுபிடிக்கும் வழி: லேமினேஷன் போடாத வெறும் பிலிம் துண்டு, அதே லாட்டில், கேட்டு வாங்குங்கள். லேமினேட் ஆனதை அடுப்பில் வைக்கக் கூடாது, பாலித்தீன் உருகிவிடும். 20 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, எந்தப் பக்கம் ரோலின் நீளம் என்று குறித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 150 டிகிரி அடுப்பில், எதிலும் ஒட்டாமல், அரை மணி தளர்வாகத் தொங்கவிடுங்கள். பிறகு மறுபடி அளங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு குறைந்திருந்தால் நடு ரோல். ஒன்று மட்டும் அதிகம் குறைந்திருந்தால் ஓர ரோல்.

—

கொடை_பௌதிகம் எழுதியது:

கொடைக்கானலிலிருந்து. அடுப்பு இல்லாமலேயே பார்க்கலாம், ஒளியே சொல்லிவிடும்.

லேப்டாப் திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்வது, எல்சிடி திரையாக இருந்தால். முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைக் கண்ணுக்கு முன் பிடித்துத் திரை கறுத்துப்போகும்வரை சுழற்றுங்கள். இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சாக்லேட் டப்பா மூடியின் இழுக்காத தட்டைப் பகுதியை வைத்தால் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும், மூலைகளில் மட்டும் வண்ணம் தெரியும், அங்கே அச்சில் இழுபட்டிருக்கிறது. கொதிநீரில் இழுத்த பட்டையை வைத்தால் பளிச்சென்று ஒளிரும். சங்கிலிகள் ஒரு பக்கம் நிற்பதால் அந்தத் திசையில் அதிரும் ஒளி ஒரு வேகத்திலும் குறுக்கே அதிரும் ஒளி வேறு வேகத்திலும் போகிறது, ஸ்டென்டர்காரர் ஐயா சொன்ன ஒளிவிலகல் எண் வித்தியாசம் இதுதான்.

பவுச் பிலிமுக்கு இதைவிட உபயோகமான ஒன்று உண்டு. வெறும் பிலிம் துண்டை நடுவில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அது மறுபடி கறுத்துவிடும், அங்கிருந்து கால் சுற்றுக்கு ஒருமுறை கறுக்கும். கறுக்கும்போது படிகங்களின் முக்கிய திசை திரையின் தளத்துக்கு இணையாகவோ செங்குத்தாகவோ நிற்கிறது என்று பொருள். திரையின் தளம் எது என்பதை, நடுவிலிருந்து வெட்டியது என்று உறுதியாகத் தெரிந்த துண்டை வைத்துக் குறித்துக்கொள்ளலாம், சில திரைகளில் அது 45 டிகிரி சாய்ந்திருக்கும், அதனால் முதலில் பார்த்துவிடுவது நல்லது. இனி சந்தேகமான ரோலின் துண்டு. ரோலின் விளிம்பு நேராக இருக்கும்போது கறுத்தால் நடு ரோல், விளிம்பைப் பத்து இருபது டிகிரி திருப்பினால்தான் கறுக்கிறது என்றால் ஓர ரோல். மெட்டலைஸ்டு பிலிமில் இது நடக்காது, அலுமினியம் ஒளியை விடாது.

மேடமிடம் ஒரு கேள்வி. படிகம் இழுக்கும்போதே பிறக்கிறதா, இழுத்து முடித்த பிறகா? கொதிநீரில் வரும் அந்த விறைப்பைப் பார்த்தால் இழுக்கும்போதே என்றுதான் தோன்றுகிறது.

—

ஊட்டி_பாலிமர் எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே நான் இந்தத் துறையை விரும்புகிறேன். நீண்ட காலம் எல்லோரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். இழுத்த பிலிமை எடுத்துவந்து எக்ஸ்ரே வைத்துப் பார்த்தால் படிகம் இருந்தது, ஆகவே இழுக்கும்போது பிறந்தது என்று முடிவு. 1990-களில் பிளண்டெல், மகேந்திரசிங்கம் ஆகியோரின் குழு சின்க்ரோட்ரான் என்னும் மிக வலுவான எக்ஸ்ரே மூலத்தில் இழுக்கும் கருவியை எக்ஸ்ரே கற்றைக்குள்ளேயே வைத்து, இழுக்க இழுக்கப் படம் எடுத்தது. ஆலைகளில் இழுக்கும் மாதிரியான அதிவேகத்தில் இழுத்தபோது, இழுவை நடந்துகொண்டிருக்கையில் படிகத்தின் அடையாளமே தெரியவில்லை. இழுவை நின்ற பிறகுதான், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் படிகம் வந்தது. மெதுவாக இழுத்தால் இழுக்கும்போதே வருகிறது. நீட்டப்பட்ட சங்கிலி பின்வாங்கித் தளர எடுக்கும் நேரத்துக்கும் நாம் இழுக்கும் வேகத்துக்கும் உள்ள போட்டிதான் இதைத் தீர்மானிக்கிறது. கையால் இடுக்கி பிடித்து இழுப்பது அந்த அதிவேகத்துக்கு எட்டாது, ஆகவே கொதிநீரில் நீங்கள் பார்த்த விறைப்பில் படிகத்துக்குப் பங்கு உண்டு. அதிவேகத்தில் வரும் விறைப்பு முதலில் சங்கிலிகள் நீண்டு முட்டுவதால் வருவது.

படிகத்துக்கு முன் இடையில் ஒரு நிலையும் உண்டு. சங்கிலிகள் நீளவாக்கில் அடுக்கியாகிவிட்டது, ஆனால் பக்கத்துச் சங்கிலியோடு வளையத்துக்கு வளையம் பொருந்தவில்லை என்கிற அரைகுறை ஒழுங்கு. எக்ஸ்ரேயில் 10.3 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் கூர்மையான ஒரு புள்ளி தெரியும். முழுப் படிகத்தின் 10.75-ஐவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள், சங்கிலி இன்னும் முழுதாக நிமிரவில்லை. சூடு கூடியதும் அது மறைந்து முழுப் படிகம் வருகிறது. குறைந்த சூட்டில் இழுத்தால் இதை நன்றாகப் பார்க்கலாம்.

—

இந்துநகர்_வாசி எழுதியது:

தொடர்ந்து படித்துக்கொண்டு வருகிறேன். எங்கள் அப்பா இங்கே ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபேக்டரியில் இருந்தவர், வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. கழுவி எடுத்தால் நீலம் பாய்ந்த தெளிவான தாள் கிடைக்கிறது, கையால் கிழிக்கவே முடியவில்லை. அதுவும் இந்த மாதிரி இழுத்த பாலியஸ்டர்தானா? நாற்றங்காலுக்கு மேல் கூரையாகப் போடலாமா?

—

ஸ்டென்டர்காரர் எழுதியது:

கிழியவில்லை என்றால் பாலியஸ்டர்தான், பழைய ட்ரைஅசிடேட் தாள் என்றால் சுலபமாகக் கிழிந்திருக்கும். எக்ஸ்ரே தாள் பொதுவாக 175 மைக்ரான் தடிமன், அதையும் இரண்டு திசையில் இழுத்து ஹீட் செட் செய்துதான் அதன் மேல் வெள்ளி உப்புப் பூச்சு பூசுவார்கள். கழுவும்போதும் உலர்த்தும்போதும் அளவு மாறக் கூடாது என்பதற்காகவே பாலியஸ்டருக்கு மாறினார்கள். விளிம்பில் சின்ன வெட்டு ஒன்று போட்டுவிட்டுக் கிழித்துப் பாருங்கள், சரசரவென்று போய்விடும், தொடங்குவதுதான் கஷ்டம். கோத்தகிரி தம்பியின் பவுச் மாதிரியானவற்றில் ஓரத்தில் வெட்டுக் குறி போடுவதும் அதற்காகத்தான்.

கூரைக்கு வேண்டாம். புற ஊதா ஒளியைத் தாங்கும் சேர்மானம் அதில் கிடையாது. மலையில் அந்த ஒளி சமவெளியைவிடக் கடுமை, மஞ்சளித்து உளுத்துப்போகும். நாற்றங்காலுக்குப் பாலிஹவுஸ்களில் போடும் புற ஊதா தாங்கும் பாலித்தீன் தாளையே வாங்குங்கள். எக்ஸ்ரே தாள் வீட்டுக்குள் ஸ்டென்சில் வெட்டவும் விளக்கு மறைப்புக்கும் நன்றாக உதவும்.

—

கோத்தகிரி_தூள் எழுதியது:

லேமினேஷன் போடுகிறவரிடம் கேட்டு இரண்டு ரோலின் வெறும் பிலிம் துண்டுகளும் வாங்கிவிட்டேன். ஒழுங்காக ஓடிய ரோலை முதலில் லேப்டாப் திரையில் வைத்துக் குறித்துக்கொண்டேன். முறுக்கிய ரோலின் துண்டு அதே இடத்தில் கறுக்கவில்லை, விளிம்பை நன்றாகச் சாய்த்தால்தான் கறுக்கிறது. பேக்கரி வைத்திருக்கும் நண்பரின் அடுப்பில் ஐயா சொன்னபடி சதுரமும் வைத்துப் பார்த்தோம். நல்ல ரோலில் இரண்டு மூலைவிட்டமும் சமமாகக் குறைந்தன. மற்றதில் ஒரு மூலைவிட்டம் இன்னொன்றைவிட 2 மில்லிமீட்டர் அதிகம் குறைந்திருக்கிறது. இரண்டு சதுரத்தையும் லேமினேஷன்காரர் முன்னால் வைத்தேன். அடுத்த ஆர்டரில் தாய் ரோலின் நடுப்பகுதியிலிருந்து வெட்டியதே தருவதாகவும், ரோலின் மேல் அந்த இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார், விலையில் சின்ன வித்தியாசம் வரும், பரவாயில்லை.

ஜாடிகளைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. மேடம், வெளுத்த வாய்களையும் சுருங்கிய உடம்புகளையும் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், ஊட்டிக்கு வரும்போது கல்லூரியில் கொண்டுவந்து தரட்டுமா?